தொட்டியில் கிடந்த பாட்டுகள்

மகள் அனுப்பும் பேரப்பிள்ளையின் படங்களைப் போட்டு வைக்க எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இடமில்லாமல் போனது. அதைத் துணியில் சுற்றி, எஸ்டேட்டிலிருந்து லுக்குட் டவுனில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் திரையில் இருந்த குப்பைத் தொட்டிப் படத்தைக் காட்டினார். "அழிச்சதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்குது ஆன்டி. காலி பண்ணினா பாதி இடம் திரும்பக் கிடைச்சிரும் லா."

காலி செய்வதற்கு முன் ஒன்றைத் திறந்து பார்த்தார். போன வருஷம் இறந்துபோன என் வீட்டுக்காரர் பாடினார். கோயில் திருவிழாவில் பாடுவதற்கு இப்படித்தான் பதிவு செய்து பழகுவார். நடுவில் இருமல் வந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து பாடுவார். கடைசிவரை அவருக்குத் திருப்தியாக ஒன்றும் அமையவில்லை. அவர் குரலே வீட்டில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இதிலும் இருமல் வந்தது. பாட்டு நின்றது. "ஏ புள்ள, எங்க போன? கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

"இந்தா வர்றேங்க," என்று எழுந்துவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெக்கார்டிங்தான் ஆன்டி, பயப்படாதீங்க. காலி பண்ணிரவா?"

நாலு பேர் முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "வேணாங்க, வெளிய எடுத்து வைங்க," என்றேன்.

"அப்ப பேரன் படத்துக்கு இடம்?"

"படம் மககிட்ட இருக்கு. இவரு இதுலதான இருக்காரு."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுத்து வைத்தார். எல்லாப் பாட்டும் இருமலில்தான் முடிந்தது.