ஸ்கூபா கிணறு

இன்று அலுவலக நண்பர்களோடு, நான் பிறந்து வளர்ந்த அடி அண்ணாமலைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய பாசனக் கிணற்றில் இப்போது சிலிண்டர் மாட்டி முங்கும் ஸ்கூபா சொல்லித் தருகிறார்கள்.

கிணற்றுக்காரரின் மகன்தான் பயிற்சியாளர். என்னை அவருக்குத் தெரியாது.

"கீழ போகப் போக ஜில்லுனு இருக்கும். பாசி ஜாஸ்தி, உங்க கையே உங்களுக்குத் தெரியாது. கயித்த மட்டும் விட்டுடாதீங்க," என்றார்.

"வேற ஆபத்து?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லைங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து யாருக்கும் எதுவும் ஆனதில்ல."

எண்பதுகளில், எங்கள் காலனித் தெருப் பிள்ளைகள் இறங்கிக் குளித்துவிடக் கூடாது என்று அவருடைய அப்பா இந்தக் கிணற்றுக்குள் கருவேல முள்ளை வெட்டி, கல் கட்டிப் போட்டிருந்தார்.

ஒரு கோடையில் அவருடைய மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. குழாயின் அடியில் இருந்த அடைப்பை முங்கி எடுக்க, எங்கள் தெருவுக்கே வந்து என் அண்ணனைக் கூட்டிப்போனார். முள் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

முள் கிளையோடு சேர்த்துத்தான் அண்ணனின் உடலை மேலே எடுத்தார்கள்.

"முள்ளையெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று மகனிடம் கேட்டேன்.

"எந்த முள்ளுங்க?" என்றார்.

நான் இறங்கவில்லை. ஆனால் இப்போது இந்தக் கிணற்றில் எந்தத் தெருக்காரரும் இறங்கலாமாம். யாரெல்லாம் வருகிறீர்கள்?