எலிசியோ துடுப்பைத் தூக்கின குத்தம்

பிலிப்பைன்ஸ் நாட்டு சாம்பலெஸ் கரையில எலிசியோ மாதிரி மரியாதை தெரிஞ்ச மீன்காரன் கிடையாது. கோழி குறுக்க வந்தாலும் ஒதுங்கி வழி விடுவான்னு அவன் பொண்டாட்டி லிகாயா கிண்டல் பண்ணுவா. கடைசியில அந்த மரியாதைதான் அவன் குடியைக் கெடுத்துச்சு.

நடுக்கடல்ல ஒரு வளையப் பாறை. உள்ளுக்குள்ள குளம் மாதிரி தண்ணி, புயலுக்கு ஒதுங்கலாம், மீனும் அப்பிக் கிடக்கும். எலிசியோவுக்கு அப்பன் காலத்துலருந்து அங்கதான் பொழப்பு. சீனாவோட ஹைனான் தீவுக்காரங்களும் வருவாங்க. பிந்தி வர்ற படகு வளையத்தோட வாசல்ல நின்னு துடுப்பைத் தூக்கிக் காட்டணும். முந்தி வந்தவன் கையசைச்சா உள்ள போலாம். ரெண்டு நாட்டுக்காரனுக்கும் இதே வழக்கம்தான். உள்ள போனதும் சிகரெட்டு அந்தப் பக்கம், நூடுல்ஸ் இந்தப் பக்கம்னு கை மாறும்.

இப்ப அந்த வாசலை சீனக் காவல் கப்பல் அடைச்சு நிக்குது. எலிசியோ படகு கரையில காயுது. குவைத்துல வீட்டு வேலைக்குப் போக லிகாயா ஏஜென்ட்டைப் பாத்துட்டு வந்துட்டா. சீனா மேல போட்டிருக்கிற கேஸ் ஜெயிச்சா போக வேண்டாம், அதுவரைக்கும் பொறுடின்னு கெஞ்சி நிறுத்தி வச்சிருந்தான்.

கேஸ் போட்டது மணிலா வக்கீலம்மா வில்லருஸ். பாறை எந்த நாட்டுதுன்னு சர்வதேச நடுவர்கள் பாக்க மாட்டாங்களாம். தலைமுறையா மீன் பிடிச்சவனுக்கு உரிமை உண்டான்னு மட்டும்தான் பாப்பாங்களாம். சீனா தரப்பு வரவே இல்ல. ஊர் ஊரா புடிச்சு ஆண்ட வெள்ளைக்காரங்க வகுத்த சட்டத்துக்கு நாங்க ஏன் கட்டுப்படணும், ரெண்டு நாடும் உக்காந்து பேசினா போதும்னு சொல்லிட்டாங்க. அதுல பாதி நியாயம்னு மீன் தரகன் போலோ சொன்னான். மீதிப் பாதிக்குத்தான் நாம பட்டினின்னும் சொன்னான்.

முனிசிபல் ஆபீஸ்ல திரை கட்டி வீடியோவுல விசாரணை. யாரு உங்களை உள்ள விட்டாங்கன்னு நடுவர் கேட்டார். எலிசியோ நிமிந்து உக்காந்தான்.

"கேக்காம ஒரு நாளும் உள்ள போனதில்லைங்கய்யா. சீனாக்காரங்ககிட்ட அனுமதி வாங்கித்தான் போவோம்."

வக்கீலம்மா மூஞ்சி சுண்டிப்போச்சு. அவங்களும் உங்ககிட்ட கேப்பாங்கதானேன்னு எடுத்துக் குடுத்தா.

"எப்பவாச்சும் கேப்பாங்க. அதையெல்லாம் பெருமையா சொல்லிக்கக் கூடாதுங்க."

அனுமதி வாங்கிப் போனா அது சலுகை, உரிமை இல்லைன்னு வெளிய வந்தப்புறம்தான் அவனுக்குப் புரிய வச்சாங்க. உடனே வக்கீலம்மா பின்னாலயே ஓடினான்.

"அட்டர்னி, இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லுங்க. யாருகிட்டயும் கேட்டதில்லன்னு சொல்றேன். பொய் சொல்றேன், அட்டர்னி."

"பதிவாயிடுச்சுண்ணே," அவ்வளவுதான் அவ சொன்னா.

மழைக்காலத்துல தீர்ப்பு வந்துச்சு: பழக்கம் இருந்திருக்கு, உரிமை நிரூபணமாகல. நம்ம ஊர்க்காரங்க எலிசியோவைத் திட்டின திட்டை இங்க சொல்ல முடியாது. லிகாயா மட்டும் திட்டல. குவைத்துக்குப் பெட்டி கட்டிக்கிட்டே, "அந்தக் கப்பல்காரனுக்காச்சும் தெரியுமாய்யா, நீ எவ்வளவு மரியாதைக்காரன்னு?"ன்னு கேட்டா.

பஸ் வந்தப்ப சின்னக் குழந்தை அவ பாவாடையை விடல. விரலை ஒவ்வொண்ணா பிரிச்செடுத்தது எலிசியோதான்.