குருவிக்கூட்டைச் சுற்றிச் செங்கல்

எங்கள் ஆபீஸ் கேண்டீனில் அடிக்கடி ஒரு சண்டை நடக்கும். பழைய வீடியோ கேம்தான் கேம், செத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும், இப்போது வருவதில் செத்த இடத்திலேயே எழுப்பி விடுகிறான், அதெல்லாம் ஒரு ஆட்டமா என்று ஒரு கூட்டம். பழசில் கதை எங்கேப்பா இருந்தது, சும்மா சுட்டுக்கொண்டே இருப்பதுதானே என்று இன்னொரு கூட்டம். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். உட்கார்ந்திருந்தால் யாரையாவது கடித்து வைப்பேன். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றும் தெரியாது. கும்மிடிப்பூண்டியில், ஒற்றை அறை வீட்டில், என் அக்காவின் கட்டிலோரம் கிடந்த சில மாதங்களில் நான் இரண்டையும் ஆடிப் பார்த்தவள்.

அக்காவுக்கு அது மூன்றாவது. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டுமென்றால் படுத்தே கிடக்க வேண்டும் என்று பொன்னேரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாம். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைக்கச் சொன்னதால் மாமா, அதாவது அக்காவின் கணவர், எங்கிருந்தோ இரண்டு செங்கல் கொண்டுவந்து காலுக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்தார். தலை தாழ, கால் உயர, அந்தச் சரிவில் அக்கா படுத்திருப்பாள். அம்மாவுக்கு ஊத்துக்கோட்டையில் கறவை மாடுகளும் அப்பாவும் இருந்தார்கள். இரண்டு தரப்பையும் விட்டுவிட்டு வர முடியாது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னைத்தான் பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

மாமாவுக்கு இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை. வீடு தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், மழை பெய்தால் மட்டும் பச்சையாக இருக்கும். மற்ற நாட்களில் ஆலைத் தூசி படிந்து செம்பழுப்பாக நிற்கும். ஜன்னலில் அக்காவின் பழைய ஆரஞ்சுப் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம். மதியத்தில் அறை முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிடும். தூரத்தில் புறநகர் ரயில் வந்து நிற்கும், கிளம்பும். நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாத மதியங்கள் அவை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெளிச்சம் வந்துவிடுகிறது.

மாமா பிரம்மச்சாரியாக இருந்தபோது பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் ஒன்று பரண்மேல் கிடந்தது. நான்தான் எடுத்துத் துடைத்தேன். கேசட்டை வாயால் ஊதிச் செருகினால்தான் படம் வரும். பெட்டிமேல் ஆயிரக்கணக்கான கேம் என்று போட்டிருந்தது. உள்ளே பார்த்தால் அதே ஐந்தாறு கேம், திரும்பத் திரும்ப வேறு வேறு நம்பரில். அதை அப்போது நாங்கள் கண்டோமா? ஒரே கேம் வேறு இடத்தில் தொடங்கினால், அது அடுத்த பாகம் என்று நம்பிவிட்டோம்.

எங்களுக்குப் பிடித்தது பீரங்கி வண்டி கேம். திரை முழுக்கச் செங்கல் சுவர்கள். மேலேயிருந்து எதிரி வண்டிகள் வரும். கீழே நடுவில், சின்னச் செங்கல் வளையத்துக்குள் ஒரு பறவை இருக்கும். அதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அக்கா மஞ்சள் வண்டி, நான் பச்சை வண்டி. நம் வண்டி வெடித்தால் பரவாயில்லை, கையில் இன்னும் உயிர் இருக்கும். ஆனால் அந்தப் பறவைமேல் ஒரே ஒரு குண்டு பட்டால் போதும், எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. பாதியில் நிறுத்தி நாளை தொடரவும் வழியில்லை.

கதை என்று அதில் ஒரு வரி கிடையாது. அக்காதான் கதை போட்டாள். தண்ணீர் நிறைந்த கட்டம் வந்தால், "பழவேற்காடு வந்துடுச்சி, ஓரமா போ" என்பாள். நடுவில் வழி ஒன்று நீளமாகப் போனால் அது ஆரணி ஆறு. செங்கல் நெருக்கமாக இருந்தால் எங்கள் ஊர் ஊத்துக்கோட்டை பஜார். அந்தப் பறவை கழுகு மாதிரிதான் இருக்கும், ஆனால் அக்காவுக்கு அது குருவி. "கூட்டுக்குள்ள குஞ்சு கீதுடி, பார்த்து சுடு" என்று சொல்லிக்கொண்டே, தலையணையில் ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்து, ரிமோட்டை வயிற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆடுவாள். என்னைவிட நன்றாக ஆடுவாள், அது வேறு எனக்கு எரிச்சல்.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. எதிரி வண்டி கூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், அக்கா உடனே கையை நீட்டி சுவிட்சை அணைத்துவிடுவாள். படம் பட்டென்று இருண்டுவிடும்.

"லூசாக்கா நீ? நான் அடிச்சிருப்பேன் இல்ல?"

"போதும்டி, கண்ணு வலிக்குது. நாளைக்கி ஆடலாம்."

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் இதே பேஜாரு. தோற்கப் பிடிக்காத பிடிவாதக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

வேறு ஒரு தொல்லையும் உண்டு. ஆலையில் உலையை ஏற்றும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஃபேன் சோம்பிப் போகும், திரையில் படம் ஓரமெல்லாம் சுருங்கி நெளியும். உலையால்தான் இது என்று மாமா சொல்வார். மின்சார ஆபீசில் கேட்டால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள். வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கி நாஷ்டா முடிஞ்சதும் ஆடிடுங்க, மத்தியானம் உலை ஏத்துவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். தன் பெண்டாட்டி விளையாடுவதற்காக உலை நேரத்தை விசாரித்து வந்து சொல்கிற மனிதர் கும்மிடிப்பூண்டியில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அன்றைக்கு உலையை முன்கூட்டியே ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. நாங்கள் ஆட்டத்தின் நடுவில் இருந்தோம். ஃபேன் சுணங்கியது, படம் நெளிந்தது, எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தெரியவில்லை. படம் திரும்பி வந்தபோது அக்காவின் மஞ்சள் வண்டி கீழே பார்த்து நின்றிருந்தது, அவள் கட்டைவிரல் சுடுகிற பட்டன்மேலேயே இருந்தது. ஒரு குண்டு செங்கலை உடைத்தது. அடுத்த குண்டு பறவைமேல் விழுந்தது. சுவிட்சுக்குக் கை போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் சிரித்தேன். "எதிரி ஒருத்தனும் பக்கத்துல இல்ல, நீயே சுட்டுட்டியே!"

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே கூடாதவள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"படுக்கா, இன்னா பண்ற நீ!"

"நான்தான்டி. நானேதான் சுட்டேன்."

"அது கேம்தானே. மறுபடியும் போட்டா வரும்."

"கேம்ல வரும்" என்றாள்.

அவளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்புறம் சுவரிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இந்தக் கூட்டில் அடி படாத வரைக்கும் வயிற்றில் இருப்பது நிற்கும் என்று அவள் மனதுக்குள் சகுனம் வைத்திருந்தாளாம். அதனால்தான் தினமும் சுவிட்சை அணைத்திருக்கிறாள். முதல் முறை லாரித் தண்ணீருக்கு ஓடிப் போய்க் குடம் தூக்கியதால் போனதாம். இரண்டாவது முறை ஒரு கல்யாணத்துக்காக ஊத்துக்கோட்டை பஸ்ஸில் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டு போனதால் போனதாம். யாரும் அவளைச் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டிருந்தாள், இத்தனை நாளாக.

"வெளியாளு யாரும் வர்ல. ரெண்டு வாட்டியும் என் கையாலதான்."

அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிலின் கீழே அந்த இரண்டு செங்கற்கள் தெரிந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் வந்தது.

அதற்குப் பிறகு டிவி கேமை அவள் தொடவில்லை. சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிடுவாள். "அசையுதான்னு பாருடி" என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொள்வாள். அசையும், நானே உணர்வேன். அவளுக்கு நம்பிக்கை வராது. மாமாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு முகம் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

அந்த வாரத்தில் மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் துபாய்க்குக் கிளம்பினார். தன் கம்ப்யூட்டரைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி மாமாவிடம் விட்டுப் போனார். மாமா அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார். "இதுல புது கேம்லாம் கீதாம். கதையோட வருமாம்" என்றார். அக்கா சும்மா பார்த்தாள். அவருக்காகத்தான் கீபோர்டை வாங்கி வயிற்றுக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

அந்தக் கேமின் அழகைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். புல் அசைந்தது. மனிதனுக்கு முகம் இருந்தது, முகத்தில் களைப்பு இருந்தது. ஒரு போர்வீரன் குதிரையில் தன் ஊருக்குத் திரும்பி வருகிறான். அக்கா அவனை மெதுவாக நடத்திக்கொண்டு போனாள். எதிரே ஆள் வந்தாலும் சுலபமாக அடிக்க முடிந்தது. அவ்வப்போது சேவ் என்று ஒரு எழுத்து வரும். செத்தால் அங்கிருந்தே எழுந்துகொள்ளலாம். "இது இன்னாடி, இவ்ளோ ஈஸியா கீது?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

அப்புறம் அவன் வீடு வந்தது. எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே ஒரு தொட்டில் தெரிந்தது.

மானிட்டரை அணைக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அக்கா கீபோர்டில் பாய்ந்துவிட்டாள். ஓடுகிற பட்டன், தாண்டுகிற பட்டன், வெட்டுகிற பட்டன், எல்லாவற்றையும் அழுத்தினாள். அவன் அசையவில்லை. வாசலில் நின்று வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். "ஓடுடா! உள்ள போடா!" என்று அக்காவும் கத்தினாள். நானும் எட்டிக் கண்ட பட்டனை எல்லாம் குத்தினேன். அதுவரை எங்களுக்குத் தெரிந்த கேமில் திரையில் ஆள் தெரிந்தால் அவன் நம் கையில் இருப்பான். நம் கையில் இல்லாமல், பார்க்க மட்டுமே விடுகிற இடம் ஒன்று கேமில் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கூரை சரிந்து விழுந்தது. தொட்டில் மறைந்தது. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுத்து ஓடியது.

அக்கா விடவில்லை. சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பி, இன்னும் வேகமாகக் குதிரையை ஓட்டினாள். வீடு எரிந்தது. இன்னொரு முறை, வேறு வழியாகப் போனாள். வீடு எரிந்தது. குதிரையை வழியிலேயே நிறுத்தி இறங்கி நடந்து பார்த்தாள். அப்போதும் எரிந்தது. நான் அழ ஆரம்பித்திருந்தேன், "போதும்க்கா, நிறுத்துக்கா" என்று. அவள் அழவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்து, ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு வெளிச்சத்தில் அவள் முகம் தூக்கத்தில் இருப்பவள் முகம் மாதிரி அமைதியாக இருந்தது.

"எத்த அழுத்தினாலும் அப்பிடித்தான் ஆவும் போல" என்றாள்.

"ஆமாக்கா. அது கதை. நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"இவன் லேட்டா வந்ததால இல்ல."

"இல்ல."

"குடம் தூக்கினதால இல்ல."

நான் அவளைப் பார்த்தேன். "இல்லக்கா. பஸ்ல போனதாலயும் இல்ல."

அப்போதுதான் அழுதாள். இரண்டு முறை போனதற்கும் சேர்த்து அழுதாள். நான் தடுக்கவில்லை. வேலை முடிந்து வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். என்ன ஆச்சு என்று என்னிடம் கண்ணால் கேட்டார். ஒன்றுமில்லை, நல்ல அழுகைதான் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவளே பழைய டிவி கேமை எடுக்கச் சொன்னாள். கூட்டில் குண்டு விழுந்தது. "அய்யய்யே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு ஒரு முறைகூட அவள் கை சுவிட்சுக்குப் போகவில்லை. ஒரு மதியம், பாதித் தூக்கத்தில், "பழசு நம்மளத் திட்டுதுடி. எல்லாம் உன்னாலதான்னு சொல்லுது. புதுசு பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லுது. எனக்கு ரெண்டும் வோணும்" என்றாள். கேண்டீனில் யாராவது இதைச் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

நாள் நெருங்கி வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். நானும் மாமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே அவள் கத்துவது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது.

"இன்னா, கை நடுங்குது?" என்றார் மாமா.

குனிந்து பார்த்தேன். துப்பட்டாவுக்குள் என் கட்டைவிரல்கள் இரண்டும் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன.

"நடுங்கல மாமா. அழுத்திக்கினு கீறேன்."

அவர் என் கையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மடியிலிருந்த பிளாஸ்க்கை நிமிர்த்தி, அதன் மூடிமேல் தன் தடித்த கட்டைவிரலை வைத்தார்.

"எது சுடற பட்டன்?"

"வலது பக்கம் மாமா."

இரண்டு பேரும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் போன ஆயாம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் கதவுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல், கோபமாக, வீறிட்டு அழுதது. மாமா பிளாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டார்.

மாலையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். துணிக்குள் சுருண்டிருந்த பெண் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"கதை, நம்ம கையில இல்லன்னு நீதானடி சொன்ன? பின்ன எதுக்கு அழுத்தின?"

"சும்மா இருக்க முடியலக்கா."

அவள் குழந்தையின் போர்வையை ஒதுக்கிவிட்டு, அந்தத் துளியூண்டு கட்டைவிரலைத் தன் விரலால் தொட்டாள்.

"நானும் உள்ள அழுத்திக்கினுதான்டி இருந்தேன்" என்றாள்.