வாக்கி டாக்கியும் எட்டுப் பேர் குலவையும்

போன வருடம் பேரையூர்ப் பக்கத்துக் கும்மிக் குழுவோடு லண்டனில் ஒரு தெருத்திருவிழாவுக்குப் போயிருந்தேன். நான் பசுமலையில் ஆசிரியை. ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று கூட்டிப்போனார்கள். அவர்கள் ஊர் மைக்செட்காரரும் வந்திருந்தார். கரகரத்த குரல், தோளில் சிவப்புத் துண்டு. எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி இருந்தது. அதிலும் அவர் இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றுதான் தொடங்குவார்.

மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆட வந்த எட்டுப் பெண்களோடு நான் கூட்டத்தில் சிக்கிக்கொண்டேன். செல்போனில் சிக்னல் இல்லை. வாக்கி டாக்கியில் அவரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், எங்கிட்டு நிக்கிறீங்க?"

"தெரியலண்ணே. எங்க பாத்தாலும் தலையா இருக்கு."

"பட்டன்ல இருந்து கையை எடுங்க. அக்காமாரைக் குலவை போடச் சொல்லுங்க. சத்தம் காத்துல வரட்டும்."

எட்டுப் பேரும் குலவையிட்டார்கள். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"கேட்டுருச்சு! அங்கனயே நில்லுங்க, வாரேன்!"

துண்டைச் சுழற்றிக்கொண்டே வந்தவர், கூட்டத்தை விலக்கி எங்களை மேடையேற்றினார். அங்கிருந்த மைக்கை வழக்கம்போல் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்.

"இவுகளுக்கு இது எதுக்கு டீச்சர்?"

மைக்செட்டை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற மனிதர் சொன்னார். அன்று அந்தத் தெருவின் கடைசி வரை குலவை கேட்டது.