ஏங்கிப் பார்த்த கண்

ஏங்கிப் பார்க்கிற கண்ணும் நாவூறு, அதுதான் திருஷ்டி, ஆகுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் மும்முரமாக நடந்த காலம். நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். மகள் அப்போது கைக்குழந்தை. துறைமுகக் கந்தோரில் வேலை பார்க்கும் என் கணவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கப்பற்காரரை அழைத்து வந்தார். கப்பல் பழுதுக்காக நின்றிருந்தது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை கண்டுவிட்டு வந்திருந்த அந்த மனிதரின் ஊர், மத்தியதரைக் கடலில் மால்டாத் தீவின் தலைநகரான வலெட்டா.

கணவர் அவசரமாக அடுப்படிக்குள் வந்தார். "இஞ்சேர், பிள்ளையின்ர கன்னத்துப் பொட்டை அழிச்சு விடு. படிச்ச வீடெண்டு அந்தாள் நினைக்க வேணுமெல்லே."

முந்தானையால் துடைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது விருந்தாளி தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார். துருக்கியரின் முற்றுகையைத் தாங்கிய பிறகு, கடலுக்குள் நீண்ட பாறை முனையில் தேன் நிறக் கல்லால் எழுப்பிய நகரமாம். தெருக்கள் படிப்படியாகத் துறைமுகத்துக்கு இறங்குமாம். சில கோயில்களில் இரண்டு மணிக்கூடுகள். ஒன்று பிசாசை ஏய்க்கப் பொய் நேரம் காட்டுமாம். கண்ணூறு அண்டாமல் படகுகளின் முகப்பில் கண்கள் வரைவார்களாம். நான் கணவரைப் பார்த்தேன். அவர் கத்தரிக்காய்க் குழம்பை மிகக் கவனமாகப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிறகு விருந்தாளி என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "என்ன அழகான கன்னம்!" என்றார். என் பார்வை பொட்டழிந்த கன்னத்துக்குப் போனது. அவர் கண் எடுக்காமல் பார்த்தபடியே இருந்தார். தனக்கும் இதே வயதில் மகள் உண்டு, பிறந்ததிலிருந்து பார்க்கவில்லை என்றார். ஊரில் குண்டு விழுவதால் தாயும் பிள்ளையும் பாறையைக் குடைந்த சுரங்கத்தில் இருக்கிறார்களாம்.

அன்று பொழுதுபட மகளுக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை, டாக்குத்தர் தந்த மருந்தையும் கக்கினாள். கணவர் உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்து நீட்டினார்.

"சுத்திப் போடு."

"படிச்ச வீடெல்லே?" என்றேன்.

"படகுக்கே கண் கீறுறாங்களாம். கதைக்காமல் சுத்தப்பா."

வந்த கண், போன கண் என்று சுற்றினேன். 'பார்த்த கண்' என்றபோது அந்த மனிதரின் கண்கள் முன்னால் வந்தன. கை ஒரு கணம் தயங்கியது. மகள் முனகினாள். எரிந்து போகட்டும் என்று அடுப்பில் போட்டேன். மிளகாய் வெடித்தது; ஒரு தும்மல்கூட வரவில்லை. நெடி வராவிட்டால் நாவூறு நிச்சயம் என்பார்கள்.

விடியக் காய்ச்சல் இல்லை. ஆனால் கீழ் முரசில் வெள்ளையாக ஒரு பல் முளைத்திருந்தது.

கப்பல் போய்விட்டது. அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பத்திரிகையில் அந்த ஊரின் பெயரைக் காணும்போதெல்லாம் அடுப்பு நெருப்பே நினைவுக்கு வருகிறது. அவர் என் பிள்ளையில் தன் பிள்ளையைத்தானே தேடினார்?

இதை வாசிக்கும் தாய்மாரைக் கேட்கிறேன். என் பிள்ளைக்காக நான் எரித்த கண், சுரங்கத்தில் இருந்த அந்தப் பிள்ளையின் தகப்பனுடையது. அந்த நெருப்பு அவளைத் தொடுமா? தொடுமென்றால், இங்கிருந்தே அவளுக்கும் ஒரு தரம் சுற்றிப் போடலாமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.