வாயு அளக்கும் கப்பும் சரஸ்வதி பூசையும்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கதிர்வீச்சைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் முன்னால் கதைக்கவே கூசுகிறவள் வேறு. விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு அடியிலிருந்து ரேடன் என்றொரு வாயு கசிந்து வீட்டுக்குள் வருமாம். நிறமில்லை, மணமில்லை, ஆனால் கதிர்வீச்சு உண்டு. அறையில் அது எவ்வளவு இருக்கிறது, அங்கே யார் எத்தனை மணித்தியாலம் இருக்கிறார்கள் என்று பார்த்தால், அவரவர் நுரையீரல் வாங்கிய கதிர்வீச்சை மதிப்பிடலாமாம். காம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், படிக்கிற பிள்ளை ஒருத்தி இப்படி விளக்கிவிட்டு, தன் ஆய்வுக்காக எங்கள் படுக்கையறையில் ஒரு சின்ன பிளாஸ்ரிக் கப்பைக் கொழுவித் தொங்கவிட்டாள். மெல்லிய தாள் ஒன்று கப்பின் வாயை மூடியிருந்தது. வாயு அதனூடாகத்தான் உள்ளே போகும்.

"மூண்டு மாசம் இருக்கட்டும் அன்ரி. கழட்டிப் போடாதேங்கோ."

அந்த அளவு எனக்கும் தேவைப்பட்டது. மகள் சித்திரையில் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வருகிறாள். யன்னலைச் சாத்திக்கொண்டு, குழந்தையோடு அந்த அறையில்தான் இருக்கப்போகிறாள்.

இடையில் சரஸ்வதி பூசை வந்தது. புத்தகங்கள், தையல் மெசின், கணவரின் மண்வெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். படிப்புக்காக வந்த கப்பை மட்டும் விடலாமா? கழற்றக் கூடாது என்றதால் கதிரையில் ஏறி, அந்தத் தாளின் நடுவில் தாராளமாய்ச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தேன்.

மூன்று மாதம் முடிந்த அன்று காலையில்தான் நான் செய்த வேலை உறைத்தது. ஈரத்துணியால் துடைத்தேன். தாளும் நனைந்துபோனது.

"வாயைத் திறவாதையும். குறைவாய் வந்தால் நல்லதுதானே," என்றார் கணவர்.

"குறைவெண்டு நம்பி, பச்சைப்பிள்ளையை எப்பிடியப்பா அதுக்குள்ளை விடுறது?"

காம்பஸ் பிள்ளை வந்தாள். கப்பைக் கழற்றி உறையில் போட்டாள். தேத்தண்ணீரும் குடித்தாள். நான் பிஸ்கற் தட்டை நீட்டிக்கொண்டே நின்றேன். அவள் படலையைத் திறந்து சைக்கிளை வெளியே எடுத்தபோது பின்னால் ஓடினேன்.

"பிள்ளை, உதுக்கு நான் சந்தனம் பூசிப்போட்டன்."

"எங்கை அன்ரி?"

"வாயிலை. குங்குமமும்."

அவள் கப்பை எடுத்து மணந்து பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சொல்லாட்டி, யாழ்ப்பாணத்திலையே வாயு இல்லாத வீடு உங்கடை வீடெண்டு எழுதியிருப்பன்!"

"இவ ஓடி நான் இண்டைக்குத்தான் பாத்தன். அதையும் எழுதும் பிள்ளை," என்றார் பின்னால் வந்த கணவர்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவள் புதுக் கப் ஒன்றைக் கொண்டுவந்து கொழுவிவிட்டுப் போனாள்.