ரெண்டுக்கு மேல் எண்ணாத மெசின்

எண்பதுகளின் கடைசியில், காலேஜ் முடித்த கையோடு, சூரமங்கலத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். வெண்ணந்தூரிலிருந்து தினமும் பஸ். அதற்குள் பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

"அந்த மெசின் அப்படி என்னத்தத்தான் பண்ணுதுன்னு ஒரு நா வந்து பாக்கறேன் அம்முணி. ஒண்ணுமில்லீன்னா தை மாசம் கண்ணாலம்" என்றார் அப்பா. மாப்பிள்ளை தங்கமாகவே இருக்கட்டும். படிப்பை முடிக்க எனக்கு இன்னும் ஆறு மாதம் வேண்டும்.

அப்போதுதான் லூப் நடத்தியிருந்தார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் வித்தை. நான் சும்மா இருந்திருக்கலாம். அப்பாவை அசத்துகிறேன் பார் என்று, பத்து வள்ளம் கடலைக்காய் அளக்கிற புரோகிராம் எழுதினேன். களத்தில் வள்ளப் படியால் அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்ல மாட்டோம். ராசிக்கு 'லாபம்' என்போம், அப்புறம் ரெண்டு, மூணு. என் புரோகிராமும் அப்படியே. பெரிய மூளைக்காரி என்று நினைப்பு!

அப்பா செருப்பை வெளியே விட்டு, ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் வந்ததை நான் வாசித்தேன்.

"லாபம். ரெண்டு. லாபம். ரெண்டு. லாபம்..."

அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்வதற்குப் பதில், ஒவ்வொரு தடவையும் முதல் வரிக்கே திரும்பச் சொல்லித் தொலைத்திருந்தேன். எந்தப் பட்டனைத் தட்டியும் நிற்கவில்லை. அப்பா கண் கொட்டாமல் பார்த்தார்.

"இத்தன லாபத்த நாங் கண்டதே இல்லியே சாமி!"

அங்கேயே வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பேன். பாழாய்ப்போன ரோஷம் விடவில்லை.

"இல்லீங்கப்பா, இது தப்புங்க. நாந்தான் தப்பா எழுதிப்போட்டேன். ரெண்டத் தாண்ட மாட்டீங்குது" என்று அழுதேவிட்டேன். வாத்தியார் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார்.

பஸ் ஏறியதுமே தை மாதத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டேன். ஆட்டையாம்பட்டி தாண்டியதும் அப்பாவே சொன்னார்: "எடுத்த வேலைய அரைகொறையா உட்டுட்டுப் போறதா? மூணு வரட்டும் அம்முணி. மூணு வந்தப்பறம் கண்ணாலத்தப் பேசிக்கலாம்."

மறுநாள் காலை பத்து மணிக்கே மூணு வந்துவிட்டது. நாலு, அஞ்சு என்று பத்து வரைக்கும் அழகாக எண்ணியது.

வாரம் தவறாமல் அப்பா கேட்பார்: "மூணு வந்துச்சா சாமி?"

ஆறு மாதமும், தப்பை அழுது ஒப்புக்கொண்ட அதே வாயால் சொன்னேன்: "இன்னும் இல்லீங்கப்பா."